பலகைத் தரை

என் தங்கை வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலால்தான் கூப்பிடுவார்கள். கீழே தகரப் பட்டறை, மேலே வீடு, நடுவில் இருப்பது வெறும் மரப் பலகை. பெட்டியும் பீப்பாயும் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் பட்டறையில் எல்லாமே கைப்பேச்சு. கட்டைவிரலைக் காட்டினால் டீ, கையைக் குறுக்கே வீசினால் நிறுத்து, நெஞ்சில் தட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். தங்கையின் புருஷன் மீசை முளைக்கும் முன்பே அங்கே சுத்தியல் பிடித்தவர். காது பாதிக்கு மேல் போய்விட்டது. கூப்பிட வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், என் தங்கையோ கத்துகிற ரகம் இல்லை. கல்யாணமான புதிதிலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் அவர் எந்த மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் திரும்பிவிடுவார்.

இது வீடா, குதிரை லாயமா என்று போகும்போதெல்லாம் கேட்பேன். தம்பி சிரிப்பார். தங்கை புருஷனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவது. நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது, ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே நக்கல் என்று தெரிந்துகொள்வார். எனக்கு மூஞ்சியில் எதையும் மறைக்கத் தெரியாது, வாயிலும் தெரியாது. மெத்தைக் கடையில் உறை தைக்கிறேன், ஆள் வந்தால் விற்கவும் செய்வேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் வாங்கிப் போகிறார்கள் என்று முதலாளி சொல்வார்.

அந்த வாய் எனக்கு அடுத்து இந்தக் குடும்பத்தில் யாருக்கு வந்தது என்றால், தங்கை மகளுக்கு. ரெண்டு வயது தாண்டியதும் வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. வாயாடி என்று நான் வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா என்பது அவள் வாயில் பெய்மா. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே பெய்மா, பெய்மா என்று மேலிருந்து ஆரம்பித்துவிடுவாள். அப்பனுக்குக் காது மந்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே மடியில் ஏறி, அவர் காதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் வாயை வைத்துக் கத்துவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இந்த வீட்டில் என்னிடம் ஒழுங்காகப் பேசுகிறவள் இவள் ஒருத்திதான் என்பார்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, இப்போது ஊரெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முதல் நாள் அது வெறும் காய்ச்சல் மாதிரியேதான் இருந்தது. மறுநாள் காலை தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, தூக்கினா அழறாக்கா. கீழ விட்டா சும்மா இருக்கா, தூக்கினாத்தான் கத்தறா."

தூக்கினால் அழுகையை நிறுத்துகிற குழந்தையைத்தான் எனக்குத் தெரியும். கையிலிருந்த தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாயாடி பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலை பின்பக்கமாக வளைந்திருந்தது. பாலைக் கக்கியிருந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். பெய்மா வந்திருக்கேன் என்றேன். பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை. தூக்கினால் அழுகிறாள் என்று தங்கை சொன்னதுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குழந்தையைப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் கை கொடுத்து மெல்ல முன்னால் வளைத்தார். கழுத்து வளையவில்லை, பலகை மாதிரி தலையோடு தோளும் சேர்ந்து எழும்பியது. கூடவே கால் ரெண்டும் தானாக மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் ஓடினாள்.

மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் கிருமி புகுந்திருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதும் அதில்தான் இருக்கிறது என்றார். முதுகில் ஊசி என்றதும் தங்கை குழந்தையின் மேல் கவிழ்ந்துவிட்டாள். முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று யார் யாரோ சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, தண்டு முடிகிற இடத்துக்கும் கீழே, இங்கே, சில சொட்டு மட்டும் என்றார். அதற்கு மேல் பேச நேரமில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் தங்கையை இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

குழந்தையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். தம்பி உள்ளே போனார். அந்த நீர் பளிங்கு மாதிரி இருக்க வேண்டுமாம். சோப்புத் தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது என்று பிற்பாடு சொன்னார். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே டாக்டரம்மா பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டார். கிருமியைக் கொல்லும் மருந்துக்கு முன்னால் வேறொரு ஊசி போட்டார்கள். அது எதற்கு என்று நான்தான் கேட்டேன்.

"இது காதுக்கும்மா. கிருமி சாகும்போது உள்ள வீக்கம் வரும், அந்த வீக்கம் காதைக் கெடுத்துடும். உயிரைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். காதைப் பத்தி இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது."

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு எட்டவில்லை. நான் குழந்தையைக் காட்டினேன், என் காதைத் தொட்டேன், போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று கையைப் புரட்டிக் காட்டினேன். அவர் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்தது. எத்தனையோ சாவுகளுக்குப் போய் நின்றிருக்கிறேன், அந்த மத்தியானத்தை மாதிரி எதையும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் ஊசி ஊசியாகப் போயின என்றுதான் சொல்வேன். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் தேடினார்கள், காலும் வீங்கியதும் தலையில் தேடினார்கள். தங்கை பாதி நாள் கட்டிலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள், குத்துவதைப் பார்க்காமல் இருக்க. காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு காலை வாயாடி கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கோபம் வந்துவிட்டது, இனி பிழைத்துக்கொள்வாள் என்று நான் சொன்னேன். நர்ஸுகூடச் சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். காது சோதிக்கிற மெஷின் பழுது பார்க்கப் போயிருக்கிறது, வந்ததும் கூப்பிடுவார்கள், கட்டாயம் வர வேண்டும் என்றார். வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்பதை நம்பி இருந்துவிடக் கூடாதாம். காது போயிருந்தால் உள்ளே ஒரு கருவி வைத்துக் கேட்க வைக்கலாம், ஆனால் இந்த நோய் வந்த காதுக்குள் சுருள் மாதிரி இருக்கிற இடம் எலும்பாக இறுகிக்கொண்டே வரும், இறுகிய பிறகு கருவியை நுழைக்க இடம் இருக்காது என்றார். நான் எல்லாவற்றையும் கையால் தம்பிக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் அதைத்தான் செய்தார். வாயாடியை ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தார். ஓசைப்படாமல் பின்னால் போய் நின்றார். குதிகாலால் பலகையில் ஒரு மிதி மிதித்தார். அவள் திரும்பினாள்.

தங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி அடுக்களைக்குப் போய் அங்கிருந்து மிதித்தார், திரும்பினாள். படிக்கட்டுப் பக்கம் போய் மிதித்தார், அங்கேயும் திரும்பினாள். பொழுது முழுக்க இதே வேலையாக இருந்தார். கீழே பட்டறை ஆட்கள் மேலே என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார்கள். அவர் தன் காதைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். டீ சொல்லுகிறார் என்று நினைத்து ஒருத்தன் வாங்கி வந்துவிட்டான். எல்லாரும் சிரித்துக்கொண்டே குடித்தோம்.

மெஷின் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். தங்கையும் தம்பியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் சோதிக்க முடியுமாம், தூங்க மருந்து கொடுத்தார்கள். அவள் பாதியைத் துப்பிவிட்டு, மீதியோடு வெறி பிடித்த மாதிரி அழுதாள். ஆஸ்பத்திரி உடுப்பைக் கண்டாலே அவளுக்கு உடம்பு நடுங்கியது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாளுக்குத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா அவ்வளவு சொன்னார்களே என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் ஒரு மிதி மிதித்தார். மூலையில் பொம்மையோடு இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல மெஷின் என்னக்கா சொல்லப் போகுது? குத்தினதெல்லாம் போதும். விடுங்க."

நானும் விட்டுவிட்டேன். கண்ணெதிரே பிள்ளை திரும்புகிறாள், அதற்கு மேல் யார் என்ன பேசுவது.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. நடக்கும்போது தள்ளாடினாள், படுத்துக் கிடந்த உடம்பு என்றோம். பேச்சு குறைந்தது, ஆஸ்பத்திரியில் பயந்துவிட்டாள் என்றோம். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், அப்பன் பிள்ளை என்றோம். அந்த வீட்டில் எல்லாரும் கையால் பேசுகிறவர்கள்தானே. கிடைக்காவிட்டால் கிறீச்சென்று ஒரு கத்தல், அதற்குச் செல்லம் கூடிப்போச்சு என்றோம். நான் படி ஏறி வந்தால் மேலிருந்து பெய்மா வருவது நின்றிருந்தது. எதிரே போய் நின்றால் சிரித்து ஓடி வந்து கட்டிக்கொள்வாள். மாதங்கள் இப்படியே போயின.

அவள் உடம்பில் சதை பிடிக்கவே இல்லை. பலகையில் படுத்தால் எலும்பு குத்துமே என்று கடையில் நல்ல தடித்த நுரைப்பஞ்சு மெத்தையில் ஒரு துண்டு வெட்டி, மஞ்சள் பூப்போட்ட உறை தைத்து, ஒரு விடுமுறை நாளில் கொண்டுபோனேன். பட்டறை மூடிக் கிடந்தது. வாயாடி மெத்தையைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு டப்பா மூடியை வைத்து விளையாட ஆரம்பித்தாள். குளித்துவிட்டு வந்த தம்பி வாசலில் நின்று வழக்கம்போல ஒரு மிதி மிதித்தார்.

அவள் திரும்பவில்லை.

இன்னொரு மிதி. மூடியை மூடிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். மகாராணிக்கு மெத்தை வந்ததும் அப்பன் கண்ணுக்குத் தெரியவில்லை பார் என்று தங்கை சிரித்தாள். தம்பியும் சிரித்துக்கொண்டே ஓங்கி மிதித்தார், அடுக்களையில் பாத்திரம் கிணுங்கியது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். கடையில் நாள் முழுக்க நான் சொல்லி விற்கிற வார்த்தை என் காதிலேயே கேட்டது. ஒருத்தர் எழுந்து போனாலும் பக்கத்தில் படுத்தவருக்கு அசைவே தெரியாது. பக்கத்தில் யானை குதித்தாலும் தெரியாது என்று கூடச் சேர்த்துச் சொல்வேன்.

நான் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கையைத் தட்டினேன். பெய்மா என்றேன். அவள் தலைமுடி என் மூச்சில் அசைகிற தூரத்திலிருந்து, இந்தத் தெருவே பயப்படுகிற என் குரலால், வாயாடி என்று கத்தினேன். அவள் மூன்றாவதாக ஒரு மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். தூக்கிப் பலகையில் உட்கார வைத்தேன். குதிகாலால் மிதித்தேன், திரும்பினாள். மறுபடி மெத்தையில் வைத்து மிதித்தேன். திரும்பவில்லை.

தங்கை என்னை நிறுத்தச் சொல்லிக் கையைக் குறுக்கே வீசிக்கொண்டே இருந்தாள். தம்பி முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் பாதி ஒட்டியிருந்தது, அவருக்கு அதை எடுக்கத் தெரியவில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை வாயாடி மருந்தைச் சமர்த்தாகக் குடித்துவிட்டுத் தூங்கினாள். தலையில் ஒயரை ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டு, மூளை அதை வாங்குகிறதா என்று திரையில் பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். திரையில் கோடு மேலே எழும்பவே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். காது டாக்டர் வயதானவர், படத்தை வெளிச்சத்தில் மாட்டி எங்களுக்கும் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய சுருள், ரெண்டு பக்கமும் வெள்ளையாக அடைத்திருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன உடனே வந்திருந்தால் என்று தங்கை கேட்டாள். கேட்காதே என்று அவள் கையை நான் அழுத்தினேன், கேட்டுவிட்டாள்.

"கருவி வச்சிருக்கலாம்மா," என்றார். "அப்ப இடம் இருந்திருக்கும். இப்ப இடமே இல்ல."

கருவி விற்கிறவர் ஆசை காட்டினாலும் ஏமாற வேண்டாம், வெளியே மாட்டுகிற எதுவும் இவளுக்கு உதவாது, கைப்பேச்சு சொல்லித்தருகிற பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சேர்த்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். அவரை அந்த நிமிஷம் எனக்குக் கொன்று போட வேண்டும் போல இருந்தது. தம்பி டாக்டர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னக்கா, என்னக்கா என்று கேட்டார். அவர் சத்தமாகக் கேட்டதில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டறைக் கைப்பேச்சில் இதைச் சொல்ல எதுவும் இல்லை. நான் வாயாடியின் காதைத் தொட்டேன். கையைக் குறுக்கே வீசினேன்.

வீட்டுக்கு வந்து மேலே ஏறியதும் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தங்கை குழந்தையோடு அடுக்களையில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரையாவது திட்ட வேண்டும் என்றால் நான் தயாராக இருந்தேன், தெருமுனை டாக்டரை, பழுதாகப் போன மெஷினை, யாரை வேண்டுமானாலும். அவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்த வீட்ல என்னை எப்படிக்கா கூப்பிடுவீங்க? மிதிச்சுத்தானே. நான் எதால திரும்பறேன்? காதாலயா?" நிறுத்தினார். "வேற யாருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்க்கா. இத்தனை வருஷமா நானே காலாலதான் கேக்கறேன்."

நான் அவர் தோளைக்கூடத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாயாடி தள்ளாடித் தள்ளாடி வந்தாள். அப்பன் முதுகைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கிப் பலகையில் ஒரு மிதி மிதித்தாள். தம்பி திரும்பினார். மடியில் ஏறி, முன்பு செய்வது போலவே அவர் காதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் வாயை வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளிடம் வார்த்தை எதுவும் மிச்சமில்லை. மூச்சும், நடுநடுவே ஒரு கீச்சும்தான் வந்தது.

"என்னக்கா சொல்றா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அப்பாங்கறா என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, கீழே பட்டறைவரைக்கும் கேட்கிற மாதிரி, அப்பாங்கறா தம்பி, அப்பாங்கறா என்று கத்தினேன்.